குதிகாலைப் பிடித்தவன்

விடுதிக்காரர்: இல்லன்னா இல்லம்மா. யாக்கோபுன்னு யாருமே இங்க தங்கல.

அக்கா: சரி. ஜேக்கப்?

விடுதிக்காரர்: இல்ல.

அக்கா: ஜேம்ஸ்?

விடுதிக்காரர்: ஏம்மா, ஒரு ஆளைத் தேடறீங்களா, ஒரு தெருவையே தேடறீங்களா?

அக்கா: ஒரே ஆளுதான் அண்ணே. என் தம்பி. நான் சொல்றதெல்லாம் ஒரே பேருதான்.

விடுதிக்காரர்: யாக்கோபும் ஜேம்ஸும் ஒரே பேரா? எந்தக் காதுல கேட்டா?

அக்கா: லத்தீன்ல யாக்கோபுஸ். பேசிப் பேசித் தேய்ஞ்சு யாக்கோமுஸ் ஆச்சு. அது இங்கிலீஷ்காரன்கிட்ட போய்ச் சேர்றதுக்குள்ள ஜேம்ஸ். அரபிக்காரங்க யாகூப்னு சொல்வாங்க. இத்தாலிக்காரன் ஜாகொமோ, பிரெஞ்சுக்காரன் ஷாக்...

விடுதிக்காரர்: போதும் போதும், எனக்கே ஷாக் அடிக்குது. வாத்தியாரா நீங்க?

அக்கா: இல்லண்ணே, தையல் கடை. அப்பா கப்பல்ல சமையல்காரர். எந்தத் துறைமுகத்துல இறங்கினாலும், "என் பையன் பேரை நீங்க எப்படிச் சொல்வீங்க"ன்னு கேட்டுட்டு வருவார். வீட்டுக்கு வந்து தட்டுல சோறு போட்டுட்டு, அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் தம்பி ஓடி வந்துடுவான்.

விடுதிக்காரர்: பாசம்...

அக்கா: பசி.

விடுதிக்காரர்: ஹஹ்... சரிம்மா, நல்லா இருக்கு கதை. ஆனா உங்க ஆளு இங்க இல்ல.

அக்கா: இந்தப் போட்டோவைக் கொஞ்சம் பாருங்க.

விடுதிக்காரர்: கண்ணாடி எங்கயோ வெச்சுட்டேனே...

அக்கா: தலை மேல இருக்கு.

விடுதிக்காரர்: ...ம். பார்த்தேன். தெரியாது.

அக்கா: முழுசாப் பார்க்கலியே.

விடுதிக்காரர்: இங்க பாருங்க. மாடியில ரெண்டு வெல்டர். கீழ ஒரு லாரி டிரைவர். பின்னாடி துணி துவைக்கிற ரூம்ல நம்ம தியாகு. அவ்வளவுதான் என் ராஜ்ஜியம். கிளம்புங்க.

அக்கா: ...கடைசியா யாரு?

விடுதிக்காரர்: தியாகு. தியாகராஜன். சுத்தமான நம்ம பேரு.

அக்கா: தியாகராஜன்னு அவனே சொன்னானா?

விடுதிக்காரர்: தியாகுன்னா வேற என்னவாம்?

அக்கா: போர்ச்சுகீஸ்ல "சாந்த்"னா புனிதர். சாந்த் யாகு. சேர்த்துச் சொல்லிச் சொல்லி, எங்க வெட்டறதுன்னு மறந்து போய், சான் தியாகுன்னு வெட்டிட்டாங்க. துண்டா வந்து விழுந்தது தியாகு. வெட்டாம அப்படியே எடுத்துக்கிட்டவங்கதான் நம்ம ஆளுங்க... சந்தியாகு.

விடுதிக்காரர்: அட... சந்தியாகு அதானா? என் மச்சான் பேரும்மா அது!

அக்கா: உங்க மச்சானும் என் தம்பியும் ஒரே பேருக்காரங்க. தியாகுவைக் கூப்பிடுங்க.

விடுதிக்காரர்: அவன் வேற ஆளும்மா. ஒரு மனுஷன் ஒளியணும்னா குமார், பாலுன்னு எதையாவது வெச்சுக்கப் போறான். இப்படியா ஒரே பேரைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்குவான்?

அக்கா: அதைத்தான் நானும் யோசிச்சேன். மரக் கிடங்குல யாகூப். ரொட்டி பேக்டரில ஷாக். படகுக்குப் பெயிண்ட் அடிச்ச இடத்துல ஜாகொமோ. நான் போய் நிக்கறதுக்குள்ள கிளம்பிடறான்... ஆனா எனக்குப் புரியற மாதிரி ஒரு பேரை விட்டுட்டுப் போறான். பிடிபடவே கூடாதுன்னு ஓடறவன் இப்படி ஓடமாட்டான் அண்ணே.

விடுதிக்காரர்: ஓடறவனுக்கும் ஒரு காரணம் இருக்குமில்ல?

அக்கா: இருக்கு. எனக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. தம்பியோடது பொருந்துச்சு. தர்றேன்னான். ஆபரேஷனுக்கு முதல் நாள், பழம் வாங்கிட்டு வர்றேன்னு வெளியில போனான்... இன்னும் வாங்கிக்கிட்டே இருக்கான்.

விடுதிக்காரர்: ...கோபம் இல்லியா?

அக்கா: இல்லாம? முதல் ஊர்ல கையில கிடைச்சிருந்தா அறைஞ்சிருப்பேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு இடமா அலைஞ்சதுல... அவன் படுத்திருந்த மூலையைக் காட்டுவாங்க. ஒரு பாய், ஒரு ஆணி, ஆணியில ஒரு கம்பிக் கொக்கி. அதைப் பார்த்துட்டு எங்க கோபப்படறது?

விடுதிக்காரர்: அப்புறமும் ஏம்மா இப்படி அலையறீங்க?

அக்கா: நாங்க ரெட்டைப் பிள்ளைங்க. நான் முன்னாடி வந்தேன். என் குதிகாலைப் பிடிச்சுக்கிட்டே பின்னாடி வந்தானாம். நர்ஸுதான் விரலைப் பிரிச்சு விட்டாங்களாம். அதுக்காகத்தான் அந்தப் பேரு. எபிரேயத்துல குதிகாலைப் பிடிச்சவன்னு அர்த்தம்.

விடுதிக்காரர்: அர்த்தமெல்லாம் பார்த்தா ஆகுமா? பெத்த பிள்ளைக்கு எவனாவது ஏமாத்துக்காரன்னு பேரு வெப்பானா...

அக்கா: என்ன சொன்னீங்க?

விடுதிக்காரர்: ஒண்ணும் இல்லியே.

அக்கா: நான் குதிகால்னுதானே சொன்னேன். ஏமாத்துக்காரன்னு இன்னொரு அர்த்தம் இருக்கறதை உங்களுக்கு யாரு சொன்னது?

விடுதிக்காரர்: ...பொதுவா... கேள்விப்பட்டது...

அக்கா: ஷாக் அடிக்குதுன்னு சொன்னவருக்கு எபிரேயம் மட்டும் தெரியுமா? அண்ணே, பின்னாடி துணி துவைக்கிற மிஷின் சத்தம் நின்னு போச்சு, கவனிச்சீங்களா?

விடுதிக்காரர்: கரண்ட் போயிருக்கும்.

அக்கா: உங்க தலைக்கு மேல ஃபேன் ஓடுது.

விடுதிக்காரர்: ...அம்மா. ஒண்ணு சொல்றேன், கேளுங்க. அந்தப் பையன் நல்லவன். "என் பேருக்கு ஏத்த மாதிரியே நடந்துட்டேன்"னு சொல்லிச் சொல்லி அழுவான். கத்தின்னா பயம், ஊசின்னா பயம். அவன்கிட்ட போய் நீங்க மறுபடியும்... வேண்டாம்மா. விட்டுடுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்.

அக்கா: விடறதா இருந்தா மரக் கிடங்கோட திரும்பியிருப்பேன். நாற்காலி இருக்கு, உக்கார்றேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க.

விடுதிக்காரர்: எவ்வளவு நேரம்?

அக்கா: அவன் வர்ற வரைக்கும். டேய் யாக்கோபு! யாகூப்! தியாகு! உன்னைத்தாண்டா!

விடுதிக்காரர்: கத்தாதீங்கம்மா, மேல ஆளுங்க தூங்கறாங்க...

அக்கா: எழுந்துக்கட்டும். சந்தியாகு!

தம்பி: ...அக்கா.

விடுதிக்காரர்: ஏண்டா வெளியில வந்த? நான்தான் பேசிட்டிருக்கேன்ல?

தம்பி: போதும் முதலாளி. ஓடி ஓடி ஓஞ்சு போச்சு.

அக்கா: கை ஏண்டா இப்படி ஊறிப் போயிருக்கு?

தம்பி: சோப்புத் தண்ணி... அக்கா, அன்னைக்கு நான் பஸ் ஸ்டாண்டுல...

அக்கா: அதை விடு.

தம்பி: விட முடியல அக்கா. இப்பவும் பயமாத்தான் இருக்கு. ஆனா வர்றேன். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லு, இன்னைக்கே போலாம். எடுத்துக்கோ.

அக்கா: ...இன்னொரு தடவை சொல்லு.

தம்பி: எடுத்துக்கோன்னு சொல்றேன். யாரும் கட்டாயப்படுத்தல. நானா தர்றேன்.

விடுதிக்காரர்: டேய், நல்லா யோசிச்சுச் சொல்லுடா...

தம்பி: யோசிச்சுட்டேன். அக்கா, எதுக்கு அழுவுற? லேட்டாயிடுச்சா? ஐயோ... லேட்டாயிடுச்சா அக்கா?

அக்கா: எனக்கு கிட்னி வெச்சாச்சுடா. நீ போன அடுத்த வருஷமே அத்தான் குடுத்துட்டார். வாசல்லயே சொல்லியிருந்தா நீ அப்பவே வந்திருப்ப... ஆனா கடைசி வரைக்கும் ஓடிப் போனவனாவே இருந்திருப்ப. இப்ப குடுக்க வந்தவனா வா. போய்ப் பையை எடு.