கோலிபிளவர்ச் சோறு

கோலிபிளவரைத் துருவிய பிறகு துணியில் கட்டிப் பிழிய வேண்டும், ஐயா. பலர் அதைச் செய்வதில்லை. தண்ணீர் நின்றால் தாச்சியில் களியாகிவிடும். பிறகு அதைச் சோறு என்று யாருக்கும் வைக்க முடியாது.

என் கணவர் நல்லரத்தினத்துக்குச் சீனி வருத்தம் முற்றி, காலில் ஒரு விரலை எடுத்தார்கள். அன்று நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு என் வீட்டில் அரிசி வேகவில்லை. அவர் வட்டை வயலில் நெல் விளைவித்த மனிதர். பீங்கானில் கோலிபிளவரைப் பார்த்து, "இதென்னகா, மாட்டுக்கா வைக்கிறாய்?" என்பார். ஆனாலும் தின்பார். சீனி இறங்கியது. கிளினிக்கில் என்னைத்தான் மெச்சினார்கள்.

அங்கே இருந்த நேர்ஸ் மிஸ் இன்னொன்றும் சொன்னார். "அம்மா, இன்சுலின் ஊசி போட்டா சாப்பாடு குடுக்காம விடாதீங்க. சீனி கூட இறங்கினா உசிருக்கே ஆபத்து. வேர்த்து, கை நடுங்கினா உடன ஒரு கரண்டி சீனி வாயில போடுங்க." எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

மாசியில் நான் சந்தைக்குப் போயிருந்தபோது அவருக்கு அப்படி வந்துவிட்டது. பக்கத்து வளவுப் பஹீமா ஓடிவந்து, சீனித் தேத்தண்ணியும் ஒரு கோப்பை சோறும் கொடுத்திருக்கிறாள். நான் வரும்போது அவர் விறாந்தையில் இருந்து சிரிக்கிறார். எத்தனை நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. அன்றிலிருந்து வருவோர் போவோரிடமெல்லாம், "பஹீமா தங்கச்சிட சோறுதான் என்ட உசிரக் காப்பாத்தின" என்றார். துருவித் துருவி என் விரல் தோல் உரிந்ததை ஒருவரிடமும் சொல்லவில்லை. எனக்கு வயிறு எரிந்தது, ஐயா.

போன வெள்ளிக்கிழமை காலையில் ஊசி போட்டேன். சாப்பாடு கொடுக்கவில்லை, மத்தியானத்துக்குச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று விட்டேன். கரட், போஞ்சி, லீக்ஸ் எல்லாவற்றையும் மெல்லிசாக அரிந்துகொண்டிருந்தபோது கூப்பிட்டார்.

"புள்ள, வேர்க்குது. கையும் நடுங்குது. ஒரு புடி சோறு தாகா."

"இருங்க, வாறன்" என்றேன்.

சீனிப் பேணி அடுப்புக்கு மேல் தட்டில், கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் உள்ளியை வதக்கினேன். போஞ்சி முதலில், கரட் பிறகு, லீக்ஸ் கடைசியில். கோலிபிளவரை இன்னொரு முறை பிழிந்தேன். அவர் சத்தம் குறைந்துகொண்டு வந்தது.

வேலிக்கு அப்பாலிருந்து பஹீமா கேட்டாள். "கண்ணகையக்கா, அண்ணன் முனகுற மாதிரிக் கேக்குது. நான் வரட்டா?"

"வேணாம். அவர் நித்திர."

அவள் பொலிசில் உங்களிடம் சொன்னது உண்மைதான். மிளகுத்தூள் தூவி, தேசிக்காய் பிழிந்து, ஆறவிட்டுத்தான் கொண்டுபோனேன். சூடாகத் தின்றால் அவருக்கு வாய் வெந்துவிடும். கூப்பிட்டேன், பேச்சில்லை. பீங்கானைக் கட்டிலருகே வைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பொழுதுபட மூச்சு நின்றது.

இது கைதவறி நடந்ததல்ல. செத்துப்போவார் என்று தெரிந்துதான் இருந்தேன். கடைசியாக ஒரு தரமாவது என் கைச் சாப்பாட்டுக்கு அவர் காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் என்னளவு அவரைப் பார்த்துக்கொண்டவர் யாருமில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வாய்க்கரிசி போட என்னையும் கூப்பிட்டார்கள். அவர் விளைவித்த அரிசிதான் சுளகில் இருந்தது. கை நிறைய அள்ளினேன். பிறகு, அவருக்குச் சீனி கூடிவிடுமே என்று பாதியைத் திரும்பச் சுளகில் போட்டுவிட்டேன்.