முப்பது நாள் மூங்கில் அறை

மூங்கில் மரமில்லைங்க மேடம், புல்லு. நெம்பப் பேருக்கு இது தெரியாது. தேக்குக்கு நாப்பது வருஷம் காத்திருக்கணும், மூங்கில் அஞ்சு வருஷத்துல வெட்டுக்கு வந்துரும். வெட்டினா மறுபடியும் முளைக்கும். அதைப் பட்டை பட்டையா இழைச்சு, வேக வெச்சு, காய வெச்சு, பசை தடவிச் சூட்டுல அழுத்தினா பலகை ஆயிரும். வேக வெக்கறது எதுக்குன்னா, உள்ள இருக்கற மாவுச்சத்து போகணும். இல்லைன்னா பூச்சி தின்னுரும். இதையெல்லாம் எழுதிக்க வேண்டாம், சும்மா சொன்னேன்.

மாஜிஸ்திரேட் சாருக்குத் தமிழ் தெரியாதுன்னுதானே உங்களை வரச் சொல்லியிருக்காங்க. லீலாவதி டீச்சர்னா ஜனக்புரியில எங்க பிளாக்ல எல்லாருக்கும் தெரியும். எனக்கு இங்கிலீஷ் வரும், ஆனா அதுல சொன்னா ஆபீஸ் லெட்டர் மாதிரி ஆயிரும். ஹிந்தியில எனக்குச் சண்டை போட மட்டும்தான் வரும். நடந்ததைச் சொல்றதுக்குத் தமிழே சரி.

என்ற பேரு ராஜவேல். ஊரு கோபி பக்கம். சர்க்கார்ல கட்டட இன்ஜினியரா முப்பத்தி நாலு வருஷம். கடைசிப் பத்து வருஷம் வாயைத் தொறந்தா மூங்கில் பலகைதான். கேண்டீனுக்குள்ள நுழைஞ்சாப் போதும், 'பான்ஸ் பாபு ஆ கயே', மூங்கில் பாபு வந்துட்டார்னு சிரிப்பாங்க. ஒரு ஃபைல் நகரலை. ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் கழிச்சு, அதிசயமா ஒரு கமிட்டி கூப்பிட்டுச்சு. புதுசா கட்டப் போற குவார்ட்டர்ஸுக்கு உள்சுவரா இந்தப் பலகையைப் போடலாமான்னு பாக்கற கமிட்டி. மாதிரிக்கு ஒரு ரூம் கட்டுங்க, ஒரு ஆள் அதுல முப்பது நாள் குடியிருக்கட்டும், உள்ள காத்து எப்படி இருக்குதுன்னு மணிக்கு மணி பதிவாகட்டும்னாங்க. சிரிச்சவங்க முகமெல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு. அன்னிக்கு நான் பஸ்ஸுல உக்காந்து அழுதேன்.

எங்க வீடு மேல் மாடி, மொட்டை மாடியும் எங்களுது. அங்க கட்டினேன். பத்துக்குப் பன்னெண்டு, பாத்ரூமோட. சுவர், தரை, கூரை எல்லாம் மூங்கில் பலகை. ஜன்னலுக்கு ரெட்டைக் கண்ணாடி, தொறக்க முடியாது. கதவைச் சுத்தி ரப்பர் பட்டை. நவம்பர்ல டில்லிப் புகை ஒரு பொட்டு உள்ள வரக்கூடாதுன்னு பாத்துப் பாத்துப் பண்ணினது. குடியிருக்க ஆள் தேடிப் போகலை. என்ற சம்சாரம் அருக்காணிக்கு இழுப்பு உண்டு. குளிர்காலம் வந்துட்டா படாத பாடு படுவா. அவளுக்கும் நல்லது, ரூமுக்கும் நல்லதுன்னு ரோசனை பண்ணினேன். அவளும் நெம்பச் சந்தோஷமா மேல போனா. எனக்குன்னு தனி ரூமான்னு கேட்டா.

பசையைப் பத்திச் சொல்லிடறேன். வாடை விடாத நல்ல பசை வர இன்னும் ஒரு மாசம் ஆகும்னு ஃபேக்டரியில சொன்னாங்க. அதுக்குள்ள கமிட்டி தேதி போயிரும். சாதா பிளைவுட்டுக்குப் போடற பசையையே போடுங்கன்னேன். நான்தான் சொன்னேன், அவங்க மேல தப்பில்லை.

ரெண்டாம் நாள் அருக்காணி சொன்னா. "ஏனுங்க, கண்ணு எரியுதுங்க. வெங்காயக் கூடைக்குள்ள உக்காந்த மாதிரி இருக்குது." நான் சுவத்துல இருந்த காத்து மீட்டரைக் காட்டினேன். வெளிய நானூத்தி அறுபது, உள்ள ஒம்பது. இந்தக் காத்து டில்லியில யாருக்குக் கிடைக்கும், உனக்கு மனசுலதான் எரியுதுன்னேன். அவ மீட்டரைப் பாத்தா, என்னைப் பாத்தா, சரின்னுட்டா.

அந்த மீட்டர் தூசியை மட்டும்தான் எண்ணும் மேடம். வாயுவை எண்ணாது. வாயுவுக்குத் தனி மெஷின் இருக்குது, அதுவும் என்கிட்ட இருந்துச்சு. மூணாம் நாள் அவ குளிக்கப் போனப்ப வெச்சுப் பாத்தேன். பொணம் கெடாம இருக்க ஆஸ்பத்திரியில ஒரு மருந்து ஊத்துவாங்க இல்லீங்களா, அந்த மருந்தோட வாயுதான் சாதாப் பசையில இருந்து வரும். பல மாசத்துக்கு வந்துக்கிட்டே இருக்கும். இருக்கலாம்னு சொல்ற அளவைப் போலப் பன்னெண்டு மடங்கு காட்டுச்சு. மெஷினை அணைச்சு, டப்பாவுல போட்டு, கீழ பீரோவுல வேட்டிக்கு அடியில வெச்சேன்.

அன்னிக்கே அவளைக் கீழ கூட்டிட்டு வந்திருக்கலாம். வந்தா கமிட்டிக்குக் காரணம் சொல்லணும். பசையைச் சொன்னா, பலகை போச்சு. பான்ஸ் பாபு பொண்டாட்டியே அந்த ரூம்ல இருக்க மாட்டேன்னுட்டான்னு கேண்டீன்ல சிரிப்பாங்க. புலி வாலைப் பிடிச்சாச்சு, விட முடியலை.

பன்னெண்டாம் நாள் அவ கதவு இடுக்குல செருப்பை வெச்சு, காத்துக்கு உக்காந்திருந்தா. அந்த ஒரு மணி நேரத்துக்குப் பதிவுல இருநூத்தி நாப்பது ஏறிப் போச்சு. நான் கோவிச்சுக்கலை. அன்னிக்குச் சாயந்தரம் கதவுக்கு வெளிய ஒரு கொண்டி போட்டேன். பூட்டில்லைங்க, வெறும் கொண்டி. சாப்பாடு நானே கொண்டு போவேன், நாளைக்கு மூணு தடவை, தடவைக்கு அரை நிமிஷம். அவ மொபைல் சார்ஜ் போடறதுக்காகக் கீழ என்கிட்ட இருந்துச்சு. குளிருதேன்னு ஹீட்டர் வெச்சேன். சூடு ஏறினா வாயு அதிகமா வரும், அது எனக்குத் தெரியாம இல்லை.

"அந்த மீட்டர் சரியாத்தான் இருக்குதுங்க, எனக்குத்தான் ஆவ மாட்டேங்குது" என்பா. தன்மேலயே பழி போட்டுக்கிட்டா. கேக்கறதுக்குச் சங்கடமாத்தான் இருந்துச்சு.

டில்லியில நவம்பர் மாசம் ஒருத்தர் இருமினா ஏன்னு யாரும் கேக்கறதில்லைங்க. பூனாவுல இருந்து மக கனிமொழி போன் பண்ணினா, ஸ்பீக்கர்ல போட்டு அருக்காணியைக் கதவுக்கு உள்ள இருந்தே பேச வெச்சேன். "அப்பா, அம்மா வாய்ஸ் ஏன் இப்படி இருக்கு? ஜல்தி டாக்டர்கிட்ட காட்டுங்க." எல்லாம் டில்லிப் பொல்யூஷன்தான் கண்ணுன்னேன். அச்சான்னுட்டா. டாக்டர்கிட்ட போன்ல கேட்டேன், எந்தக் காரணம் கொண்டும் ரூமை விட்டு வெளிய விடாதீங்கன்னார். நானும் விடலை.

முப்பதாம் நாள் காலையில பதினோரு மணிக்குக் கமிட்டி. ஒம்பது மணிக்கு அருக்காணி கதவைத் தட்டினா. மூச்சு இழுக்கற சத்தம் வெளிய கேட்டுச்சு. இன்ஹேலர் தீந்து போச்சுன்னா. புதுசு கீழ ஃப்ரிட்ஜ் மேல இருந்துச்சு, ஆனா அதைக் கொடுக்கணும்னா கதவைத் தொறக்கணும். அவ பாய்ஞ்சு வெளிய வந்துருவா, புகை உள்ள போயிரும், மீட்டர் எறங்க மூணு மணி நேரம் ஆகும். "ரெண்டே மணி நேரம் அருக்காணி, பல்லைக் கடிச்சுக்கோ"ன்னேன். "சரிங்க"ன்னா.

அப்புறமும் தட்டினா. நான் அங்கயேதான் நின்னேன், எங்கேயும் போகலை. பத்து மணிக்கு மேல தட்டலை. தூங்கிட்டான்னு நெனச்சேன். இல்லைங்க, அப்படி நெனைக்கலை. அப்படிச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன்.

பத்தரைக்குக் கதவை ஒரு இடுக்கு மட்டும் தொறந்து, உள்ள போய்ச் சாத்திக்கிட்டேன். கதவோரம் கிடந்தவளைத் தூக்கிக் கட்டில்ல போட்டு, ரஜாயைக் கழுத்து வரைக்கும் போத்தி, முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சேன். கமிட்டியில நாலு பேர் வந்தாங்க. உடம்பு சரியில்லை, தூங்கறாங்கன்னேன். பாவம், எழுப்ப வேண்டாம்னு ரகசியமாப் பேசினாங்க. அவங்க நுழைஞ்சப்ப மீட்டர் எட்டு காட்டுச்சு. ஒரு அம்மா கண்ணைத் துடைச்சாங்க. 'தில்லி கீ ஹவா', எல்லாம் டில்லிக் காத்துன்னார் சேர்மன். எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க.

சாவுக்குக் காரணம் ஆஸ்துமான்னு டாக்டர் எழுதினார். பிளாக்ல எல்லாரும் டில்லிக் காத்தைத் திட்டினாங்க. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கனிமொழி வந்து, அம்மா ரூம்ல படுக்கறேன்னு மேல போனா. ஒரு மணி நேரத்துல கண்ணு செவந்து எறங்கி வந்தா. மறுநாள் அவங்கம்மா சேலைக்காகப் பீரோவைக் குடைஞ்சப்ப அந்த டப்பா கைக்கு வந்துச்சு. அந்த மெஷின் பழைய கணக்கையும் வெச்சிருக்கும். அவளுக்கு மெஷின் வேலை தெரியாட்டியும், தேதியும் நம்பரும் படிக்க வரும். அதை எடுத்துக்கிட்டு நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிட்டா. நானும் மறைக்கலை.

கொலைன்னே எழுதிக்கோங்க மேடம். ஆனா பசையும் நானும்தான் குத்தவாளின்னு எழுதுங்க, மூங்கில் பேரு கெடக்கூடாது. இன்னொண்ணும் எழுதுங்க. அருக்காணியை அந்தப் புகையில விட எனக்கு மனசு வரலை. அவளைக் காப்பாத்தத்தான் உள்ள வெச்சேன். இது சத்தியம்.

அந்த முப்பது நாளும் நான் எங்க படுத்தேனா? கீழ ஹால்லதாங்க. சாப்பாடு கொடுத்துட்டு வந்தா அந்த வாடை என்ற சட்டையில ஒட்டிக்கிட்டு வந்துரும், கண்ணு எரியும். அதனால ஜன்னலையெல்லாம் நல்லாத் தொறந்து வெச்சுக்கிட்டுத்தான் படுப்பேன்.