தேரிக்காட்டுத் தீயைத் திரவமாக்கிய பிரேமலதா

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் அண்ணாச்சி குற்றாலலிங்கம் அவர்களே! ஏரல் நகரத்துப் பெரியோர்களே! காயல்பட்டினத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் வணிகச் செல்வர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! தச்சநல்லூர்க்காரன் ஒருவனின் தாழ்மையான வணக்கம்!

நம் பொருநை ஆறு கடலைத் தொடும் இடத்துக்குத் தெற்கே, செம்மணல் தேரிக்காட்டில் எண்ணெய் தேடித் தோண்டினார்கள். எண்ணெய் வரவில்லை, இயற்கை வாயு வந்தது. வந்து என்ன பயன்? வாங்க ஆளில்லை, கொண்டுபோக வழியில்லை. கம்பத்தின் உச்சியில் கொளுத்திவிட்டார்கள். எரிந்தது, எரிந்தது, ஆண்டுக்கணக்கில் வீணாய் எரிந்தது!

என்ன வே, குழாய் போட்டால் என்ன என்கிறீரா? போடலாம். கிணறு சின்னது, சந்தை தூரம். குழாய்ச் செலவை அந்தக் கிணறு தாங்காது வே!

அப்போது வந்தார், இந்த ஏரலில் வயற்கூலி வீட்டில் பிறந்து வேதிப்பொறியியல் படித்த பிரேமலதா. வாயுவை நீராவியோடு சேர்த்தார். தகிக்கும் குழாய்களில் உடைத்தார். அழுத்தத்தில் வைத்து மறுபடி இணைத்தார். காற்றாய்ப் போனது கண்ணாடிபோல் தெளிந்த திரவமாய் இறங்கியது! மெத்தனால்! லாரியில் ஏற்றலாம், சந்தையில் விற்கலாம்!

முதல் லாரி ஆலை வாசலுக்கு வந்தது. வாசலை மறித்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் சுடலைவடிவு. கள்ளச்சாராயத்துக்குக் கணவரைப் பறிகொடுத்தவர்.

"எம்புருசன் கண்ணு அவிஞ்சுல்லா செத்தாரு! அந்த எழவுச் சாராயத்தையா இங்கன காய்ச்சுதீய?"

வேடிக்கை பார்க்க வந்த நானும் பக்கத்தில்தான் நின்றேன். ஆலை மேலாளர் பிரேமலதாவின் காதோரம் குனிந்தார். "எரிபொருள்னு மட்டும் சொல்லுங்க. விஷம்ங்கிற பேச்சே வேண்டாம்."

அப்படிச் சொல்லியிருந்தால் லாரி போயிருக்கும். சொன்னாரா?

"அக்கா, இது சாராயம் இல்ல. ஆனா உங்க வீட்டுக்காரரக் கொன்ன சாராயத்துல கலந்தது இதுவாத்தான் இருக்கும். குடிச்சா கண்ணு போவும், உசுரு போவும்."

கூட்டம் கொதித்தது! ஒரு கல் லாரிக் கண்ணாடியை உடைத்தது.

"அப்பம் இது நமக்கு எதுக்குட்டி?" என்று அலறினார் சுடலைவடிவு.

பிரேமலதா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "பெயிண்டுக்கு வேணும், பலகை ஒட்டுத பசைக்கு வேணும், மருந்து செய்ய வேணும். ஒவ்வொரு லாரி மூடிக்கும் பூட்டுப் போட்டு முத்திரை வைக்குதோம். எங்கள நம்பாண்டாம்க்கா. நீங்களே வந்து நின்னு பாருங்க. முத்திரை சரியில்லன்னா வண்டி போவாது."

"அதெல்லாம் நடக்காது!" என்றார் மேலாளர்.

"அப்படின்னா நான் ஆலையை ஓட்ட மாட்டேன் சார்."

தாய்மார்களே, கைதட்டுங்கள்! அன்று அங்கே கைதட்ட ஆளில்லை. மேலாளர் ஒதுங்கி நின்றார். சுடலைவடிவு எழுந்தார். லாரியில் ஏறிப் பூட்டை இழுத்துப் பார்த்தார், முத்திரையைத் தடவிப் பார்த்தார். இறங்கி வந்தார்.

"வழி விடுங்கட்டி."

லாரி போனது! கம்பத்துத் தீயும் அணைந்தது! இன்று அந்த வாசலில் சம்பளம் வாங்கும் காவலர் யார்? சுடலைவடிவுதான்! அவர் தலையசைக்காமல் ஒரு வண்டி வெளியேறுமா? வெளியேறாது!

வாயுவை வடிப்பது அறிவு. அந்த அறிவுக்குத் தலைவணங்குகிறேன். வடித்ததன் ஆபத்தை மறைக்காமல் உரைப்பது அறம். அந்த அறத்துக்குமுன் மண்டியிடவும் தயங்க மாட்டேன்!

பிரேமலதாவுக்குப் பொன்னாடை போர்த்த என்னைத்தான் அழைத்திருந்தார்கள். எனக்கென்ன தகுதி? சுடலைவடிவு அக்கா, பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு ஏன் அங்கன நிக்கிய? மேடைக்கு வாங்க! உங்க கையால போர்த்துங்க!

பொறுமையாய்க் கேட்ட பொருநைக்கரைச் சொந்தங்களே, நன்றி! வணக்கம்!