அச்சின் முதுகில் விழுந்த அடி

தலைமை தாங்கும் சங்கத் தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் மேலாளர் அவர்களே, முன்வரிசையில் அழுது ஓய்ந்திருக்கும் அண்ணி, மகளே, நம் படகுப் பட்டறைத் தோழர்களே, வணக்கம்.

அழுவதற்காக நான் இந்த இரங்கல் கூட்டத்தில் மைக்கைப் பிடிக்கவில்லை. ஆத்திரத்தோடு வந்திருக்கிறேன்.

நம் அச்சுப் பிரிவு மேற்பார்வையாளர், அச்சுச் செம்மல் டார்ச் அண்ணன்! எந்நேரமும் கையில் டார்ச் இருந்ததால் வந்த பெயர். ஃபைபர் படகை வார்த்தெடுக்கும் அச்சுக்குள் தலையை நுழைத்து, வெளிச்சத்தைச் சாய்த்து அடித்து, நம் கண்ணில் படாத ஊசித்துளையைக் கண்டுபிடிப்பார். மெழுகு ஒரு பூச்சு குறைந்தால் வேலையைத் தொடங்க விடமாட்டார். "படகு அச்சுல ஒட்டிக்கிட்டா அப்புறம் குய்யோ முறையோன்னு கத்தாதீங்கடா" என்பார். அச்சில் ஒரு தழும்பு விழுந்தால் அதிலிருந்து வரும் அத்தனை படகிலும் அந்தத் தழும்பு இருக்கும். அவர் பார்த்துப் பார்த்துக் காத்த அச்சில் நூறு மீட்புப் படகுகள் எடுத்தோம். ஒன்றாவது குறை என்று திரும்பி வந்ததா? சொல்லுங்கள், ஒன்றாவது வந்ததா?

அப்படிப்பட்டவரை என்ன செய்தோம்?

ஆறு மாதத்துக்கு முன்பு, அண்ணியின் கண் அறுவைச் சிகிச்சைக்காக இரண்டு நாள் விடுப்பில் போனார். அன்றைக்கே ஒரு படகை அனுப்பியாக வேண்டும் என்று இங்கே அவசரம். அச்சில் படகுக்குப் பூசிய பிசின் முழுதாக இறுகவில்லை. படகு அச்சை விட்டு வரவில்லை. "சுத்தியல எடுத்து அச்சுக்குப் பின்னால ரெண்டு போடுங்கய்யா" என்று உத்தரவு வந்தது. போட்டார்கள். படகு வந்தது. கூடவே, அச்சின் பளபளப்பான உள்முகமெங்கும் நட்சத்திரம் நட்சத்திரமாக வெடிப்பும் வந்தது!

திரும்பி வந்தவர் ஒவ்வொரு வெடிப்பையும் தடவிப் பார்த்தார். "இது அச்சோட மேல்பூச்சு குத்தம் இல்லம்மா. முதுகுல அடி விழுந்திருக்கு" என்றார் என்னிடம். தரச் சோதனை அதிகாரி நான். எனக்குத் தெரியாதா? ஆனாலும் மேலாளர் நீட்டிய அறிக்கையில் என்ன இருந்தது? 'அச்சின் மேல்பூச்சைத் தடிமனாகப் பூசியதே வெடிப்புக்குக் காரணம். பொறுப்பு, அச்சுப் பிரிவு மேற்பார்வையாளர்.' கீழே யார் கையெழுத்து? என் கையெழுத்து! வேலை போய்விடுமோ என்று பயந்து போட்ட கையெழுத்து!

பழியைச் சுமந்துகொண்டும் அவர் என்ன செய்தார் தெரியுமா? பட்டி தடவி மறைக்கச் சொன்னார்கள். "மறைச்சா நாலாவது படகுல மறுபடி வாயைப் பொளக்கும்" என்று மறுத்துவிட்டார். நாற்பத்தொரு வெடிப்பு! ஒவ்வொன்றையும் நுனிவரை குடைந்தெடுத்து, புதுப் பூச்சு நிரப்பி, இறுகவிட்டு, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, முகம் தெரியும்வரை மெருகேற்றினார். மூன்று வாரம்! அச்சு சீரானது. மறுநாளே அவரைப் பெட்டி கட்டும் பிரிவுக்குத் தூக்கியடித்தார்கள். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்ட!

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் போய், "அண்ணே, மன்னிச்சிருங்க" என்றேன். டேப்பைக் கிழித்துக்கொண்டே, "எங்கிட்ட எதுக்கும்மா? அந்த அறிக்கைய எம்பொண்ணு படிச்சிட்டா. அவகிட்டப் போய்ச் சொல்லு" என்றார்.

நான் போகவில்லை. போன வாரம் அந்தப் பெட்டிகளுக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

மேலாளர் அவர்களே, ஆளுயர மாலை கொண்டுவந்திருக்கிறீர்கள். யாருக்கு வேண்டும் அது?

மகளே, கேள். உன் அப்பா மீது ஒரு குற்றமும் இல்லை. நான் கையெழுத்திட்டது பொய். அதை நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். தோழர்களே, இறுகாத படகை இனி யார் சொன்னாலும் அச்சிலிருந்து உருவ மாட்டோம் என்று அவர் படத்தின் முன் உறுதி ஏற்போம்! இதற்காக என்னை வேலையை விட்டு அனுப்புவதானால் தாராளமாக அனுப்பட்டும். அந்தப் பணிநீக்கக் கடிதத்திலாவது உண்மையான காரணத்தை எழுதட்டும்!