நான்காம் மாடியின் ஒற்றைக் கோடு

முட்டைக்கோஸை வெட்டாமல் செய்தித்தாளில் சுற்றி வைத்தால் வெகுநாள் தாங்கும். கொரோனா ஊரடங்கில் ஷாங்காய் முழுக்க இதைக் கற்றுக்கொண்டது. எங்கள் கட்டடத்துக்குச் சொல்லிக்கொடுத்தது நான். காய்கறியை மொத்தமாக வரவழைத்ததும், வாசல் வாசலாகக் கொண்டுபோய் வைத்ததும், யாருக்கு மாத்திரை தீர்ந்தது என்று பார்த்ததும் நான்தான். கட்டடத் தலைவி என்றால் கையில் சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டு திரிவது மட்டுமல்ல, ஐயா.

நீங்கள் நான்காம் மாடி ஷென் வாத்தியாரைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியார். மனைவி இல்லை, மகன் கனடாவில். வாய்த்துடுக்கு அதிகம். என்னைக் கண்டாலே, "வாங்க கமிஷனர் அம்மா, இன்னைக்கு யாரைப் பூட்டப் போறீங்க?" என்பார். படிக்கட்டில் நிற்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்ததே இல்லை. அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை.

தினமும் காலையில் ஒவ்வொரு வீட்டிலும் மூக்குச் சோதனை செய்து, அட்டையைப் படமெடுத்துக் கட்டடத்துப் போன் குழுவில் போட வேண்டும். ஒரு கோடு என்றால் நல்லது. இரண்டு கோடு என்றால் அந்த ஆளை நோயாளிகளை அடைத்துவைக்கிற கொட்டகைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கிக் கட்டடம் மறுபடி அடைபடும். வாத்தியாரிடம் பழைய பட்டன் போன்தான். வாசல் கம்பிக்கதவு வழியாக அவர் அட்டையை நீட்டுவார், நான் படமெடுத்து அவர் பெயரில் போடுவேன். போன் பழகாத கிழவர்களுக்கு எல்லாக் கட்டடத்திலும் இப்படித்தான் நடந்தது.

கட்டடம் திறக்கச் சில நாட்களே இருந்தபோது அவர் நீட்டிய அட்டையில் இரண்டு கோடு.

"பெய்ஜென், என்னை அந்தக் கொட்டகைக்கு அனுப்பிடாதேம்மா. ராத்திரி பூரா விளக்கு எரியுமாம், கக்கூஸுக்கு வரிசையாம். இங்கயே ஒரு மூலையில கிடந்துக்கிறேன்."

அவராகக் கேட்டது இது. கவனியுங்கள்.

என் அட்டையை அவருடையது என்று போட்டேன். இரண்டாம் மாடிப் பெண்ணுக்குப் பிரசவ மாதம். ஐந்தாம் மாடி ஃபானுக்கு வேலை போகிற நிலை. ஒரு கிழவருக்காக இத்தனை பேரையும் மறுபடி அடைத்துப்போடுவதில் என்ன நியாயம்?

மறுநாள் பேச்சு மாறிவிட்டது. "மூச்சு வாங்குது. ஆம்புலன்ஸ் கூப்பிடு. கொட்டகைன்னாலும் போறேன்."

"நேத்து வேற மாதிரி சொன்னீங்களே, வாத்தியார்."

"நேத்து மூச்சு இருந்துச்சு."

அந்த நிலையிலும் துடுக்கு. கட்டடம் திறந்ததும் நானே கூட்டிப்போகிறேன் என்றேன். அவர் இருமலுக்குப் பேரிக்காயைக் கற்கண்டு போட்டு வேகவைத்துக் கம்பி இடுக்கில் கொடுத்தேன். அவர் பூட்டைத் திறக்கப் பார்த்தார். வெளியே வந்தால் படிக்கட்டெல்லாம் கிருமி. கட்டுக்கம்பியை எடுத்துவந்து கதவை வெளியிலிருந்து முறுக்கிவிட்டேன். அவசர எண்ணுக்கு அவரே அடித்திருக்கிறார். அவர்கள் எனக்குப் போன் போட்டு விசாரித்தார்கள். தனியாக இருக்கிற மனிதர், பயந்துபோயிருக்கிறார், சோதனையில் ஒரு கோடுதான் என்றேன். அவர்களுக்கும் அன்று ஓயாத வேலை. நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள்.

பிறகு கரண்டியால் கதவில் தட்ட ஆரம்பித்தார். ஃபான் எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, வாத்தியார் வீட்டுல சத்தம்?"

"தாளம் பழகுறார்."

"சோத்துக்கே வழியக் காணோம், இவருக்குக் கச்சேரி கேக்குதா?" என்று சிரித்தபடி கதவைச் சாத்திக்கொண்டான்.

அவனையும் கூப்பிட்டு விசாரியுங்கள். நடுநடுவே அந்த இருமல் அவன் காதில் விழவில்லையா என்று கேளுங்கள். திறக்க வேண்டும் என்று எல்லோரும்தான் துடித்தார்கள். கம்பியை முறுக்கிய கை மட்டும் என்னுடையது. இப்போது படிக்கட்டில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நான் வரவழைத்த முட்டையைத் தின்றவர்கள்.

அடுத்த நாள் மதியம் சத்தம் நின்றது. தூங்குகிறார் என்று இருந்துவிட்டேன். அசதியில் கிடப்பவரைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்வானேன்? கட்டடம் திறக்கும் முன் எடுக்கிற கடைசித் தொண்டைச் சோதனைக்கு ஊழியர் வந்தார். படுக்கையில் இருப்பவர்களுக்கு அவர்தான் மாடி ஏற வேண்டும். பாவம், அந்த வெள்ளை உடையில் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தார். குச்சியைக் கொடுங்கள், நானே எடுத்துவருகிறேன் என்றேன். படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று என் தொண்டையைத் தடவி, வாத்தியாருடையது என்று கொடுத்தேன்.

கட்டடம் திறந்தது. எல்லோரும் கீழே போய்ப் படமெடுத்துக்கொண்டார்கள். பிரசவப் பெண் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதன் பிறகுதான் மேலே போய்க் கம்பியைப் பிரித்தேன். அவர் கதவை ஒட்டியே கிடந்தார்.

மருத்துவர் சொல்லும் கணக்கை நான் மறுக்கவில்லை. அந்தக் குச்சியும், கடைசியாக அவர் பெயரில் போட்ட படங்களும் அவர் செத்த பிறகு கொடுத்தவைதான். அடைத்தது நான், ஆம்புலன்ஸைத் தடுத்தது நான், சாகவிட்டதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமோ கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஐயா: கடைசிவரை எங்கள் கட்டடத்தில் ஒருவருக்குக்கூட நோய் வரவில்லை.