இன்னும் ரெண்டு நாள் தூரம்

குச்சனூர் கோயில் முன்னால் போடி போகும் மோட்டார் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்களில் மூத்தவள் சொன்னாள்:

“மாசாமாசம், தூரம் முடிஞ்ச பெறகும் முடியலன்னு பொய் சொல்லுவா எம் மருமக. வெளிக் குடிசையிலயே படுத்துக் கெடப்பா.”

“எதுக்கு மதினி?”

“வீட்டுக்குள்ள வந்தா வேல செய்யணும்ல. வலி போனாலும் எந்திரிக்கச் சத்தே இல்ல அத்தைன்னு அழுதா. சோம்பேறின்னு வஞ்சு, அவ ஆத்தா வீட்டுக்கே அனுப்பிட்டேன்.”

“திரும்பக் கூப்பிடலாம்ல?”

“எந்த மூஞ்சிய வச்சுக் கூப்பிட? இப்ப எம் மக வந்திருக்கா. அவளுக்கும் அதே வலி, அதே அசதி. தல முழுக எந்திரிச்சவள, ‘இன்னும் ரெண்டு நாளு தூரம்னே சொல்லிக்க ஆத்தா’ன்னு நாந்தான் படுக்க வச்சுட்டு வந்தேன்.”