எப்போதும் பச்சை

எச்சில் கரண்டியைக் குழம்புக்குள் விடுகிறவர் வீட்டில் நான் சாப்பிட மாட்டேன், இன்ஸ்பெக்டர். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

பகா ஊரில் எங்கள் ரப்பர்த் தோட்டக் கம்பெனியின் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒவ்வோர் இணையப் பக்கத்துக்கும் ஓர் அமைப்பு ஃபைல் உண்டு. எல்லா ஃபைலும் ஒரு ஃபோல்டரில் இருக்கும். ஓட வேண்டியதற்கு மட்டும் இன்னொரு ஃபோல்டரில் ஓர் இணைப்பு போடுவோம். இணைப்பை எடுத்தால் ஃபைல் அழியாது, பக்கம்தான் நிற்கும். அதைத் தேடி வருகிறவருக்கு வரிசையில் முதலாவதாக இருக்கும் பக்கம் தெரியும். சுத்தமான ஏற்பாடு.

எனக்கு முன்னால் இந்த வேலையிலிருந்த சுகுமாறன் அதைக் குப்பைத்தொட்டி ஆக்கியிருந்தான். 'புதுசு', 'புதுசு2', 'இதுதான் கடைசி' என்று பெயர்கள். ஒரே ஃபைலுக்குள் மூன்று பக்கங்களின் வரிகள். திறந்ததும் குமட்டியது. மூன்று மாதம் உட்கார்ந்து கழுவினேன்.

மிஞ்சியது தண்ணீர்ப் பக்கம். தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் தொட்டிக்கு ஓடைத் தண்ணீர்தான் வருகிறது. மேட்டில் புல்லைக் கொல்ல விஷமருந்தடிக்கும் நாளில் அதைக் குடிக்கக் கூடாது. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி திலகா காலையில் அந்தப் பக்கத்தில் குடிக்கக் கூடாதென்றால் சிவப்பும், குடிக்கலாமென்றால் பச்சையும் போடுவாள். ஜனங்கள் போனில் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் பிடிப்பார்கள். அந்த ஃபைல் அவள் எழுதியது, சுகுமாறன் சொல்லிக்கொடுத்தபடி. நான்கு முறை திருத்தச் சொன்னேன். ஓடுகிறதே, அது போதாதா என்று சிரித்தாள். சாணியை மிதித்தது போலிருந்தது எனக்கு.

திங்கட்கிழமை அந்த ஃபைலின் இணைப்பை எடுத்தேன். பிறகு தண்ணீர்ப் பக்கத்தைத் திறந்தவர்களுக்கெல்லாம் வந்தது சுகுமாறன் விட்டுப்போன பழைய மாதிரிப் பக்கம். அதில் எப்போதும் பச்சைதான். தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். பயந்தாலாவது திருத்துவாள் என்று நினைத்தேன்.

புதன் விடியலில் மருந்தடித்தார்கள். ஏழரைக்குத் திலகா கூப்பிட்டாள்.

"மைக்கல் அண்ணே, நான் செவப்பு போட்டேன், எல்லாரு போன்லயும் பச்சை காட்டுது. லைன்ல குடிச்சிக்கிட்டு இருக்காங்க. கொஞ்சம் பாருங்கலா."

"மொதல்ல ஃபைலைத் திருத்தி அனுப்பு. அப்புறம் பாக்குறேன்."

அவள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு லைனுக்குப் பறந்தாளாம். பள்ளி விடுமுறை. ரப்பர் மரத்தில் பால்வெட்டும் பாஞ்சாலையின் ஏழு வயது மகள் ரோகினி அதற்குள் பசியாறிவிட்டு இரண்டு குவளை குடித்திருந்தாள். வெள்ளிக்கிழமை இறந்துபோனாள்.

அன்று மாலை பாஞ்சாலை என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் சட்டையெல்லாம் பிள்ளையின் வாந்திக் கறை. கதவைத் திறக்க முடியவில்லை.

நான் எதையும் அழிக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். ஃபைல் அதன் இடத்தில் பத்திரமாக இருக்கிறது. இணைப்பைத் திரும்பப் போட ஒரு வரி போதும். திலகாதான் இன்னும் திருத்தி அனுப்பவில்லை.